பாதையோரம் இரண்டு வரிசை ஆமணக்கு

எனக்கு இருபத்தாறு வயது. "நான் உத்தியோகத்தில் இருந்த காலத்தில்" என்று பேச்சை ஆரம்பிக்க இன்னும் முப்பது வருஷமாவது பொறுக்க வேண்டும் என்கிறார் என் கணவர். ஆனால் எனக்கு முறைப்படி பிரிவு உபசாரம் நடந்தது. மாலை போட்டார்கள். காராபூந்தி கொடுத்தார்கள். ஆறு பேர் எழுந்து, என் வயிற்றைப் பார்க்காமல் இருக்க உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு, என் சேவையைப் புகழ்ந்தார்கள். குழந்தை பெற்றவளுக்கு அந்த ஆபீசில் நாற்காலி கிடையாது. ஆகவே நான் ஓய்வு பெற்றவள்தான்.

அந்த நாற்காலிக்கு இப்போது வந்திருக்கும் பெண் போன வாரம் கடிதம் போட்டிருந்தாள். ஆபீசில் புதிதாக வர்ணப் படப் புத்தகம் கொடுத்திருக்கிறார்களாம். அதைப் பார்த்து, சாலையோரப் பயிர்களை அடையாளம் கண்டு எழுத வேண்டுமாம். புத்தகத்தில் எல்லாப் பயிரும் ஒரே உயரத்தில், வெள்ளைத் தாளில், வேரோடு நிற்கின்றன. சாலையோரத்தில் எதுவும் அப்படி நிற்கவில்லை. "ஓடும் பஸ்ஸிலிருந்து நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அக்கா?" என்று கேட்டிருந்தாள். பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டு இப்படி ஆகிவிட்டது. பத்திரிகைக்கு அனுப்பலாமா கூடாதா என்று மூன்று நாளாக யோசித்து, இன்னும் யோசித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். நடுவில் என் மகள் தவழ்ந்து போய் எதையோ வாயில் போட்டுக்கொண்டாள். விரலை விட்டு எடுத்துப் பார்த்தேன். முருங்கைக் காம்பு. அடையாளம் காணும் திறமை முழுக்கப் போய்விடவில்லை.

யுத்த காலத்தில் ஆண்கள் பட்டாளத்துக்குப் போய்விட, கொல்லிமலை அடிவாரத்தில் புதிதாகத் திறந்த உணவு ஆபீஸ் ஒன்றில் எழுதப் படிக்கத் தெரிந்த யாரையாவது உட்கார வைக்க வேண்டியிருந்தது. நான் பள்ளி இறுதி வகுப்பு தேறியவள். என்னை உட்கார வைத்தார்கள். எந்த ஊரில் என்ன விளைகிறது என்று பட்டியல் போடுவது வேலை. பட்டியலைப் பார்த்துத்தான் மேலே உள்ளவர்கள் எந்த ஊரிடம் எதைக் கேட்பது என்று தீர்மானிப்பார்கள். தானியம் விளையும் ஊர் லெவி தானியம், அதாவது சர்க்காருக்குக் கட்டாயப் பங்கு, கொடுக்க வேண்டும். எண்ணெய் வித்து விளையும் ஊர் வித்து கொடுக்க வேண்டும். பயிற்சி பத்து நாள். அதில் ஏழு நாள் ஃபாரம் நிரப்பக் கற்றுக் கொடுத்தார்கள். ஒரு நாள் ரஜா. மீதி இரண்டு நாளில் பயிர்கள்.

உண்மையில் எனக்குக் கற்றுக் கொடுத்தது கரி பஸ். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் முதுகில் அடுப்பு மாதிரி ஒரு தொட்டியைக் கட்டி, கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். மேடு வந்தால் நின்றுவிடும். கண்டக்டர் இறங்கிக் கம்பியால் குத்துவார். பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். பெண்கள் இறங்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரே கம்பங்காட்டை அரை மணி நேரம் பார்த்துப் படித்தேன். அந்தக் காலத்தில் பஸ் நன்றாக ஓடியிருந்தால் நான் ஒன்றும் கற்றிருக்க மாட்டேன்.

முதல் வாரத்தில் கம்பைப் பார்த்துச் சோளம் என்று எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் தாளை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மணி, படிச்ச புள்ளையாட்ட இருக்கறீங்க. அது கம்புங்க. சோளம்னா தலையில கொண்ட போட்டிருக்கும். கம்பு மொட்ட மொட்டயா மெழுகுவத்தியாட்ட நிக்கும்."

"ரெண்டும் உசரமா இருக்குதுங்களே?"

"எங்கூட்டுக்காரரும் கண்டக்டரும் ஒரே உசரந்தானுங்க. அதுக்காவ மாத்திக் கூட்டிக்கிட்டுப் போயிருவனா?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் மட்டும் அடுப்பைக் குத்தப் போய்விட்டார்.

அன்று முதல் நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டவற்றைத்தான் அந்தப் பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். ராகி விரலை மடக்கிக் காட்டும். தினை பூனைவாலாக வளையும். சாமை தலை வாராத பெண்பிள்ளை மாதிரி சிலும்பிக் கிடக்கும். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் இலை கைபோல இருக்கும். ஆனால் குச்சிக்கிழங்கின் விரல்கள் அடிவரை பிரிந்திருக்கும், ஆமணக்கின் விரல்களுக்கு நடுவே வாத்துக்காலில் இருப்பது போலச் சவ்வு இருக்கும். பயிர் தெரியவில்லை என்றால் ஆளைப் பார். பரண்மேல் ஏறி ஒருவர் தகரத்தைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தால் கம்போ சோளமோ. பெண்கள் வரிசையாகக் குந்தி நகர்ந்தால் நிலக்கடலை. காட்டில் யாருமே இல்லை, விதைத்தவனே மறந்துவிட்டான் போலிருந்தால் கொள்ளு. கதிர் வராத ராகியையும் சாமையையும் ஓடும் பஸ்ஸிலிருந்து பிரிக்கவே முடியாது. நான் பிரித்ததாகப் பட்டியலில் இருப்பதெல்லாம் ஊகம். இதை இப்போது சொல்வதால் யாருக்கும் தொந்தரவு வராது என்று நம்புகிறேன்.

எழுதும் முறை இதுதான். போகும்போது இடது ஜன்னல். ஒவ்வொரு பர்லாங் கல்லுக்கும் ஒரு வரி. திரும்பும்போதும் இடது ஜன்னலே. அப்படி உட்கார்ந்தால் சாலையின் மறுபக்கம் கிடைத்துவிடும். ஆனால் திரும்பி வந்த பட்டியல் தலைகீழாக இருக்கும். அதைக் கடைசியிலிருந்து முதலுக்கு மாற்றி எழுத வேண்டும். ஒரு தடவை ராசிபுரம் சாலைக்கு மாற்ற மறந்துவிட்டேன். வீடுகள் இருக்கும் இடத்தில் பருத்தியும், குளத்தில் துவரையும் விளைந்தன. ஒரு வருஷம் எனக்குத் தூக்கம் கெட்டது. ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

என் மேலதிகாரியான இன்ஸ்பெக்டர் காவிரிக்கரைக்காரர். நெல்லைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குப் புல். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குடையின் நுனியால் வெளியே காட்டி, "அது என்ன புல்லு, எழுதும்மா" என்பார். குடையின் மறுமுனை பின்சீட்டுக்காரரின் தாடையில் இடிக்கும். சந்தேகம் வந்தால் "இதர" என்று எழுதச் சொல்லுவார். இதர என்ற பத்தியில் மட்டும் ஒரு தாலுகாவே விளைந்தது.

வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். "இறங்கினா பேச்சு வரும். பேச்சு வந்தா மனு வரும். மனு வந்தா பதில் எழுதணும். நமக்கு உத்தரவு என்ன? சாலையிலேர்ந்து பார்த்து எழுதுங்கறது. சாலையிலேர்ந்து பார்த்தோம், எழுதினோம், முடிஞ்சுது." கையெழுத்துப் போடும்போது மட்டும் வேறு மனிதராகிவிடுவார். கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி துடைப்பார். பிறகு பட்டியலைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார். எழுதுகிறவர்கள் முடிவில்தான் களைத்துப்போய்த் தப்பு செய்வார்களாம். கடைசிப் பத்து வரியில் என் தப்பு எதுவும் அவருக்குத் தப்பியதில்லை. முதல் பத்து வரிக்கு வருவதற்குள் அவர் களைத்துவிடுவார்.

கொல்லிமலைக்கு அப்போது பஸ் பாதை கிடையாது. காளப்பநாயக்கன்பட்டிப் பக்கத்திலிருந்து நடைபாதைதான். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. மேலே தேவனூர் நாட்டுக்குப் பட்டியல் போட ஓர் ஆவணி மாதம் போனோம். இன்ஸ்பெக்டருக்கு டோலி. இரண்டு மூங்கில்களுக்கு நடுவே நாற்காலியைக் கட்டி, மலைக்காரர் நால்வர் தோளில் தூக்குவார்கள். இரண்டாவது வளைவிலேயே அவர் தூங்கிவிட்டார். மூன்று மைலுக்குக் குறட்டை என் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. நான் நடந்தேன்.

பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும் மலைக்காரப் பெண் ஒருத்தி, தலையில் உப்புக் கூடையோடு கூடவே வந்தாள். பெயர் பாப்பாயி. அந்த நாட்டு ஊர்க்கவுண்டரின் தங்கை. நாற்பது வயதிருக்கும். நான் மூச்சு வாங்கும்போது அவள் பேசுவாள்.

"என்ன கண்ணு, நின்னு நின்னு எழுதற?"

"ரெண்டு பக்கமும் என்ன பயிருன்னு எழுதறனுங்க."

"எங்களக் கேட்டாச் சொல்லிர மாட்டமா?"

"கேக்கக் கூடாதுங்க. வெளியாளுங்ககிட்டப் பேசக் கூடாதுன்னு உத்தரவு."

"நாந்தான் வெளியாளா! சரி சாமி, எழுது, எழுது. எங்காட்டப் பத்தி எங்கிட்ட மட்டும் சொல்லீராத."

கேட்டிருக்கலாம். இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் உத்தரவு என்றால் எனக்கு உத்தரவுதான். பாதையின் இரண்டு பக்கமும் ஆமணக்கு. வளைவுக்கு வளைவு ஆமணக்கு. அதன்மேல் அவரைக்கொடி படர்ந்து பச்சைச் சுவராக நின்றது. என் உயரம் ஐந்தடிக்கும் கீழே. மலையில் பர்லாங் கல் இல்லாததால் அடியை எண்ணி எண்ணி, ஆமணக்கு, ஆமணக்கு, ஆமணக்கு என்று ஒரு தாள் நிறைய எழுதினேன். ஆபீசிலேயே கண் கூர்மையானவள் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயர் பஸ் ஜன்னலின் உயரம் கொடுத்தது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் வரப்போரச் செடிக்கு மேலே பார்க்கலாம். நடந்து போனால் முடியாது. தோள்மேல் போனவர் பார்த்திருக்கலாம், அவர் தூங்கினார்.

இன்ஸ்பெக்டர் தாளைக் கீழிருந்து மேலே படித்தார். எல்லா வரியும் ஒன்றே என்பதால் அன்று முழுவதும் படித்து முடித்தார். "சபாஷ். யந்திரங்களுக்கு விளக்கெண்ணெய் வேணும்னு மேலே பறக்கறாங்க. நல்ல நேரத்துல கண்டுபிடிச்சே" என்று அடிக்கோடு போட்டு அனுப்பினார்.

ஐப்பசியில் மேலிருந்து உத்தரவு வந்தது. தேவனூர் நாடு முழுக்க ஆமணக்கு விளைவதால், அறுவடை முடிந்ததும் நூறு மூட்டை ஆமணக்கு விதையை அடிவாரத்தில் சேர்க்க வேண்டும். சேர்க்கும்வரை அந்த நாட்டுக்குத் துணி கூப்பனும் மண்ணெண்ணெய்க் கூப்பனும் நிறுத்தம்.

அடுத்த சந்தை நாளில் ஊர்க்கவுண்டரும் பாப்பாயியும் ஆபீசுக்கு வந்தார்கள். கவுண்டர் ஒரு சின்னக் கூடையை இன்ஸ்பெக்டர் மேஜையில் வைத்தார். முக்கால் கூடை ஆமணக்குக் கொட்டை.

"இதானுங்க எங்க நாட்டுக் கொட்டமுத்து. மூணு ஊர்ல தேடிப் பொறுக்குனதுங்க. நூறு மூட்டைனு எழுதுன மகராசன் ஆருங்க? அவருக்கு ஒரு கும்புடு போட்டுட்டுப் போலாம்னு வந்தமுங்க."

நான் தலையைக் குனிந்து மையை உறிஞ்சும் தாளைத் தேய்த்தேன். பாப்பாயி என்னைப் பார்த்துவிட்டாள்.

"மகராசன் இல்லீங்கண்ணா. மகராசி. அந்தா, அந்தக் கண்ணுதான்."

"பாதை முழுக்க ஆமணக்கு நிக்குதே!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பாதைல நிக்குமுங்க. பாதையோரமா ரெண்டு வரிசை வெப்பமுங்க. அந்த வழியா ஆடு மாடு போவுது. கொட்டமுத்துல ஆடு வாயி வெக்காதுங்க. வேற என்னத்த வெச்சாலும் மேஞ்சுட்டுப் போயிருமுங்க."

"அப்ப அதுக்குப் பின்னாடி என்ன வெச்சிருக்கீங்க?"

கவுண்டர் கூடைக் கொட்டைகளைக் கிளறினார். பாப்பாயி திடீரென்று சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். முதல் தடவையாகக் குடையில்லாமல் பேசினார்.

"புரியுதாம்மா? ஆமணக்கு இல்லைன்னா தானியம். தானியம்னு எழுதினா லெவி. மலையில வெளையறது அவங்க சாப்பாட்டுக்கும் விதைக்குமே பத்தாது. ஆமணக்குன்னு உன் தாள்ல இருந்ததாலதான் இத்தனை நாளும் லெவிக்காரன் மேல ஏறல."

"இப்ப என்னங்க சார் பண்றது?"

"புழு" என்றார்.

"என்னங்க சார்?"

"ஆமணக்கை எல்லாம் புழு தின்னுட்டுதுன்னு எழுது. உன் பட்டியலும் பொய்யாகாது, மூட்டையும் கேக்க மாட்டான், தானியமும் வெளிய வராது. முப்பது வருஷ சர்வீஸ்ல என்னைக் காப்பாத்தினது புழுதாம்மா."

இப்போது யோசித்தால், அந்த மனிதர் வாழ்நாளில் சொன்ன மிகச் சிறந்த யோசனை அதுதான். ஆனால் நான் அப்போது ஐந்து மாதம். எதைச் செய்தாலும் அது பிள்ளையைப் பாதிக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். உட்கார்ந்தால் பயம், எழுந்தால் பயம், மிளகாய் கிள்ளினால் பயம். பார்க்காத புழுவை எழுதிக் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகுமோ என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் மூன்று முறை கிழித்து, நான்காம் முறை உண்மையை எழுதினேன். "பாதையில் நின்று பார்த்து எழுதியதில் பிழை நேர்ந்திருக்கலாம். மறுபடி பார்வையிட வேண்டுகிறேன்." மறுநாள் இன்ஸ்பெக்டர் அதைக் கீழிருந்து மேலே படித்தார். இரண்டே வரி. நீண்ட நேரம் படித்தார். "உன் நேர்மை நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி மேலே அனுப்பிவிட்டார்.

பதில் ஒரு வாரத்தில் வந்தது. ஜில்லா அதிகாரியே நேரில் வருகிறார். அந்தப் பட்டியல் குமாஸ்தாவும் உடன் வர வேண்டும்.

பாப்பாயி சந்தைக்கு வந்தபோது வழியில் நிறுத்தி, இன்ஸ்பெக்டர் சொன்ன புழு முதல் என் கடிதம் வரை எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, நீ சும்மா இருந்திருந்தா அந்தப் புழு பாட்டுக்குத் தின்னுட்டுப் போயிருக்குமே. இப்ப அதிகாரி வந்து எங்க சாமையப் பாத்து எழுதிட்டுப் போவாரு. புழு மிச்சம் வெக்கும். உங்க லெவி வெக்குமா?"

"தப்பைத் திருத்தலாம்னுதானுங்க..."

"தப்பு பண்ணுனப்பவும் எங்களக் கேக்கல. திருத்தறப்பவும் கேக்கல. உங்க ஆப்பீசுல வாயே வெக்காம மூக்க மட்டும் வெச்சு அனுப்புவாங்களா?" என்றவள், சட்டென்று நிறுத்தினாள். என் இடுப்பைப் பார்த்தாள். "எத்தன மாசம்?"

சொன்னேன். பெருமூச்சு விட்டாள். "நடந்து ஏறீராத. டோலி அனுப்பச் சொல்றேன். திட்டறதுக்காவது நீ நல்லா இருக்கோணும்."

என் மாமியாருக்கு விஷயம் தெரிந்ததும் வீட்டில் போர் மூண்டது. கடைசியில் டோலி தூக்கிகள் நால்வரையும் வாசலில் நிறுத்தி விசாரணை செய்தார். கால் வழுக்குமா, குடிப்பார்களா, இதுவரை யாரையாவது கீழே போட்டிருக்கிறார்களா. "போட்டிருக்கறமுங்க" என்றார் மூத்தவர். "ஒரு கங்காணியப் போட்டமுங்க. ஆனா அது வேணும்னே போட்டதுங்க." இந்த நேர்மை என் மாமியாருக்குப் பிடித்துவிட்டது. சம்மதித்தார்.

ஜில்லா அதிகாரி உயரமானவர், தூங்காதவர். அதுவே எங்களுக்குப் பெரிய இடி. அவருடைய டோலி முன்னால் போனது. என்னுடையது பின்னால். இன்ஸ்பெக்டருக்கு இந்த முறை டோலி இல்லை. நடந்து வந்து, முதல் சுனையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீ போம்மா, நான் மூச்சு வந்ததும் வரேன்" என்றார். அவருடைய மூச்சு அன்று முழுக்க வரவில்லை. பாப்பாயியும் கவுண்டரும் என் டோலிக்குப் பக்கத்தில் நடந்தார்கள்.

மேட்டைத் தாண்டித் தேவனூர் நாட்டு விளைகாடுகளின் ஓரத்துக்கு வந்தோம். அதே ஆமணக்கு, அதே அவரைச் சுவர். ஆனால் நான் இப்போது நால்வர் தோள்மேல் இருந்தேன். ஆவணியில் நான் நடந்த பாதையை முதல் தடவையாக மேலிருந்து பார்த்தேன். இரண்டு வரிசை ஆமணக்கு. அவ்வளவுதான். அதற்கு அப்பால் சரிவு முழுக்கச் சாமை, பழுத்து, தலையைச் சிலுப்பிக்கொண்டு. அதற்கும் மேலே படிப்படியாக ராகி. நடுநடுவே தினை. ஒரு பெண் கையில் அரிவாளோடு நிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டு, சாமைக்குள் உட்கார்ந்து மறைந்தாள். படப் புத்தகத்தில் இருப்பதுபோல எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. கண்ணில்லாதவன்கூட அதைப் பட்டியல் போட்டிருப்பான். ஒரு நாட்டின் ஒரு வருஷச் சோறு அது. அதைக் காட்டிக் கொடுக்க அதிகாரியை நான்தான் கடிதம் போட்டு அழைத்து வந்திருக்கிறேன்.

முன் டோலியைப் பார்த்தேன். அதிகாரியின் தொப்பியைக் காணவில்லை.

விழுந்துவிட்டாரோ என்று பதறி எட்டிப் பார்த்தேன். விழவில்லை. அவரைத் தூக்கியவர்கள் மூங்கிலைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு பேரும் ஒரே அடியில் இறக்கியிருந்தார்கள்.

"என்னப்பா, கீழே இறக்கிட்டீங்க?" என்று அதிகாரியின் குரல் ஆமணக்குக்கு உள்ளிருந்து வந்தது.

"தோள் கடுக்குதுங்க எசமான். இந்த எடத்துல எப்பவும் கடுக்குமுங்க."

"பின்னாடி அந்தம்மாவோட ஆளுங்களுக்கு?"

"அது புள்ளத்தாச்சிங்க. அவங்களுக்குக் கடுக்கக் கூடாதுங்க."

கவுண்டர் இருமினார். பாப்பாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அதிகாரி கைத்தடியை அவரைக்கொடிச் சுவருக்குள் விட்டார். டக் என்று ஒரு தண்டில் பட்டது. இன்னும் நீட்டினார். டக் என்று இரண்டாவது. தோள்வரை கையை விட்டு நீட்டினார். தடி ஒன்றிலும் படாமல் காற்றைத் துழாவியது. வலது பக்கமும் அப்படியே செய்தார். டக். டக். பிறகு காற்று. அந்த மனிதர் கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"ரெண்டு வரிசைதான்" என்றார். "நூறு மூட்டைன்னு எழுதினது தப்புத்தான். சரி, இதுக்கு அந்தப்பக்கம் என்ன? ஏம்மா, உனக்குத் தெரியுதா?"

எல்லோரும் நின்றார்கள். குறுகலான பாதை. அவருக்குத் திரும்பிப் பார்க்க இடமில்லை. தூக்கிகளின் முதுகுகள் நடுவில் இருந்தன. பாப்பாயி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் ஒன்றும் இல்லை. மூன்றாம் தடவையாவது கேட்டுவிட்டுச் செய்கிறாளா பார்ப்போம் என்பது போல இருந்தது. நான் கண்ணாலேயே கேட்டேன். அவள் தலையை ஒரு நூல் அளவுக்கு அசைத்தாள், சொல்ல வேண்டாம் என்று.

நான் பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை. சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கத் தெரியாதவள். ஆகவே எனக்குக் கொடுத்திருந்த உத்தரவை மனதுக்குள் ஒரு தடவை படித்தேன். சாலையிலிருந்து பார்த்து எழுதவும். சாலையிலிருந்து. தோளிலிருந்து என்று அதில் எங்கும் இல்லை.

"பாதையில நிக்கறவங்களுக்குத் தெரியாதுங்க, சார்" என்றேன்.

அவரைக் கொடியில் ஒரு வண்டு மட்டும் சுற்றியது. நான் சொன்னதை அவர் புரிந்துகொண்டாரா, புரிந்துகொண்டு விட்டுவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தாள் சரசரத்தது. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "பாதையோரம் ஆமணக்கு, இரண்டு வரிசை. அதற்கு அப்பால் பாதையிலிருந்து தெரியவில்லை. மூட்டை உத்தரவு ரத்து. கூப்பன்களை உடனே கொடுக்கவும்." தாளைப் பின்பக்கமாக நீட்டினார். அது தூக்கிகள் கைமாறி, கவுண்டர் கைக்கு வந்து, என்னிடம் வந்தது. பட்டியல் குமாஸ்தா என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். தோள்மேல் டோலி ஆடியதால் அது என் கையெழுத்து மாதிரியே இல்லை. அதற்கும் பிறகு ஒரு மாதம் பயந்தேன்.

டோலிகள் நகர்ந்தன. காடுகள் முடிந்து மொட்டைப் பாறைக்கு வந்ததும், முன்னால் இருந்த நால்வரும் "ஏய்" என்று ஒரே குரலில் மூங்கிலைத் தோளுக்கு ஏற்றினார்கள். அதிகாரியின் தொப்பி மறுபடி மேலே வந்தது. அவர் நிமிர்ந்து, இரண்டு பக்கமும் பரந்து கிடந்த வெறும் கல்லைச் சுற்றிப் பார்த்தார்.

"இப்போ நல்லாத் தெரியுதப்பா" என்றார்.